ஊதச் சொன்ன சனிக்கிழமை

செஞ்சி,
புதன்கிழமை.

அன்புள்ள உண்ணாமலைக்கு,

உன் வீட்டுக்காரன் கனகராஜ் எழுதுவது. நானும் தமிழ்மொழியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நம் பெண்ணைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். பதினேழு நாளாக நீ அவளிடம் மட்டும் பேசுகிறாய். சாப்பாடு, பரீட்சை, தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்பது வரைக்கும் கேட்கிறாய். போன் என் கைக்கு வந்ததும் சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுகிறாய். புதுச்சேரியில் பதினேழு நாள் கரண்ட் இல்லாத ஹாஸ்டல் உன்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் மூன்று தடவை பேசிப் பதிவு செய்தேன். திரும்பக் கேட்டபோது மூன்றும் பொய் சொல்கிறவன் குரல் மாதிரியே இருந்தது. அழித்துவிட்டேன். அதனால்தான் தமிழ்மொழியின் ரஃப் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அது கை நடுக்கம் அல்ல, எழுதிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். நீ உடனே வேறு மாதிரி நினைப்பாய் என்று சொல்லிவைக்கிறேன்.

இங்கே முகூர்த்த மாசம். நம் பாத்திரக்கடையில் சீர்வரிசைக்கு ஆள் வந்தபடி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு வரும் கார்களால் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தமிழ்மொழிக்குக் கணக்கில் அறுபத்திரண்டு. உன்னிடம் எழுபது என்று சொல்லியிருப்பாள்.

நேற்று அவள் ஸ்கூல் விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். "அம்மா இந்தச் சனிக்கிழம வருதாம். திங்கக்கிழம வேலைய வுட்டுட்றேன்னு எழுதிக் குடுக்கப் போவுதாம். உன்கிட்ட சொல்லச் சொல்லுச்சி" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்க்கடை துரைக்கண்ணு காதிலும் விழுந்துவிட்டது. "நல்லதாப் போச்சி கனகு. பீரை மோந்து பாக்கற வேலையெல்லாம் ஒரு வேலையா, அதுவும் பொம்பளைக்கு" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவர் போனபிறகு ஒரு அம்மா இட்லிப் பானை கேட்டார்கள், நான் குத்துவிளக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்படுகிறவன் இப்படியா இருப்பான் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. தீராமலேதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமையை நான் எழுதிவிடுகிறேன். நீயும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாய். நம் கல்யாண நாள். நான்தான் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்து, சீக்கிரம் வா, பாயசம் வைக்கிறேன் என்று அவசரப்படுத்தினேன். ஏழு மணிக்கு நீ உள்ளே வந்தாய். கூடவே அந்த வாசனையும் வந்தது. பார்களில் பீர்க் குழாய் சோதிக்கிற இந்த வேலைக்கு ஒரு வருஷமாகப் போகிறாய், ஒரு சனிக்கிழமைகூட உன்மேல் அது இருந்ததில்லை. நீ தோள் பையை இறக்கக்கூட இல்லை. நான் எதிரில் வந்து நின்று, ஊது என்றேன். நீ, "இன்னா சொன்னீங்க" என்றாய். நான் திரும்பவும் சொன்னேன். நீ ஊதினாய். பிறகு கை கால் கழுவிக்கொண்டு வந்து பாயசத்தை நீயே மூன்று டம்ளரில் ஊற்றினாய். முந்திரி எனக்கு அதிகமாகப் போட்டாய். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அப்புறம் ரெண்டு சனிக்கிழமையும் வரவில்லை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழு வருஷம் இதே வாசற்படியில் நீ நின்று என்னை ஊதச் சொல்லியிருக்கிறாய். நான் கிராம்பு மென்றுகொண்டு வருவேன், பச்சை வெங்காயம் தின்றுவிட்டு வருவேன், ஒரு நாள் வேப்பிலைகூட மென்றேன். எத்தனை ஊதினாலும் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வேன். நீயும், சரி உள்ளே வாங்க என்பாய். நம்பினாயா, நம்புகிற மாதிரி இருந்தாயா என்று நான் கேட்டதே இல்லை. மேல்மலையனூரில் இனி குடிக்கமாட்டேன் என்று அம்மன் முன்னால் கயிறு கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, ரெண்டு வருஷம் நாலு மாசமாக, நீ ஒரு தடவைகூட என்னை ஊதச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவளை நான் ஊதச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் சொன்னேன் என்று தினமும் யோசிக்கிறேன். நாளுக்கு ஒரு காரணம் வருகிறது. முதலில், உன்மேல் சந்தேகம், அதனால் சொன்னேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ரெண்டு நாள் கோபமாகவே இருந்தேன், நீ போன் எடுக்காததும் அதற்கு வசதியாக இருந்தது. பிறகு, அக்கறையில் சொன்னேன் என்று தோன்றியது. நான் விழுந்த குழியில் நீயும் விழுந்துவிடக்கூடாதே என்று. அதைத் துரைக்கண்ணுவிடம் சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடித்திருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், ஏழு வருஷம் நீ கேட்டதற்குப் பழிவாங்கினேனோ என்று பயந்தேன். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. சரி, உன் வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம், பிறகு தெளியும் என்றுதான் போன வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறினேன்.

ஹாஸ்டலில் நீ இல்லை, பாகூர் பக்கம் ஏதோ ஓட்டலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உன்கூட வேலை செய்கிற கவிதா கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று நடந்ததை அவளிடம் சொல்லியிருக்கிறாய் என்று புரிந்தது. உன் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று கண்ணால் பார்க்கணும் என்றேன். அவளுக்கு என் கயிறு விஷயம் தெரியாதுபோல. "இவ்ளோதானே அண்ணா, வாங்க" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டாள். என் கயிற்றைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன். அது முதல் தப்பு.

காலை பத்து மணி. அவள் சோதிக்க வேண்டிய பார் இன்னும் திறக்கவில்லை, நாற்காலியெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. பீப்பாயிலிருந்து பீர் வருகிற அந்தக் குழாயின் மூக்கைக் கவிதா திருகிக் கழற்றி உள்ளே காட்டினாள். நம் மாடித் தொட்டிக் குழாயில் பிடிக்குமே, வழுவழுவென்று வெள்ளையாக, அதே மாதிரி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்துத் தண்ணீர் விட்டு இந்த வழி முழுக்கக் கழுவ வேண்டுமாம். "இவுங்க ரெண்டு மாசமா நோட்டுலதான் கழுவியிருக்காங்க அண்ணா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டுப் பத்து வருஷம் குடித்தவன் நான். பிளாஸ்டிக் டம்ளர், பக்கத்து மேஜைக்காரன் டம்ளர் எதையும் பார்த்ததில்லை. அது சுத்தமா என்று கேட்க ஒரு உத்தியோகம் இருக்கும், அதில் என் பெண்டாட்டி இருப்பாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேன்.

உன்னைப் பற்றி அவள் நிறையச் சொன்னாள். அக்கா மோந்து பார்த்தே எந்தக் குழாய் கெட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். புளித்த காடி வாசனை வந்தால் ஒரு கோளாறாம், வெண்ணெய் வாசனை வந்தால் இன்னொரு கோளாறாம். நம் வீட்டில் வெண்ணெய் வாசனை வந்தால் தமிழ்மொழி தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள், அங்கே அது வந்தால் அழுக்கு என்று எழுதுகிறீர்கள். அதிலேயே பாதி குழம்பிவிட்டேன். ஒரு மேனேஜர் ஸ்வீட் பெட்டியோடு வந்து பாஸ் போடச் சொன்னதையும், நீ பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் குழாயைச் சீல் வைக்கச் சொன்னதையும் சொன்னாள். இதையெல்லாம் நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. பீர் என்கிற வார்த்தையே வீட்டில் வரக்கூடாது என்று நாம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம்.

கேட்க வந்ததை அப்புறம் கேட்டேன், குடிப்பாளா என்று. கவிதா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "வாயில வெச்சி துப்பிட்டா கசப்பு தெரியாது அண்ணா. அது தொண்டைல எறங்கறப்போதான் தெரியும். ஒரு குழாய்க்கு ஒரு வாய் முழுங்கணும். அக்கா முழுங்கும்போது மூஞ்சியப் பாக்கணுமே, கசாயம் குடிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். அப்படியானால் நீ குடிக்கிறவளா, குடிக்காதவளா? அன்று நீ ஊதியபோது வந்தது சட்டை வாசனையா, வாய் வாசனையா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்பதும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். சனிக்கிழமைதோறும் நீ மூன்று மணிக்கே ஹாஸ்டலுக்கு வந்து, தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றி, ஏலக்காய் மென்றுகொண்டு பஸ் ஏறுவாயாம். அவருக்கு இந்த வாசனை வரக்கூடாது கவிதா என்பாயாம். அந்தச் சனிக்கிழமை ஏதோ ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு உன்மேல் அடித்திருக்கிறது. குளித்தால் பஸ் போய்விடும், மூன்று தடவை போன் செய்துவிட்டார் என்று அப்படியே ஓடியிருக்கிறாய். உண்ணாமலை, இதைக் கேட்டபோது அந்த நாற்காலிகளுக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிராம்பு மென்ற நான் எங்கே, ஏலக்காய் மென்ற நீ எங்கே.

அங்கேயே நான் கிளம்பியிருக்க வேண்டும். கவிதா பாவம், என் மனசை மாற்றுவதாக நினைத்து ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தாள். ஒன்று சோப்பு சரியாகப் போகாதது, ஒன்று சுத்தமானது. ரெண்டிலும் பீர் பிடித்தாள். அழுக்கானதில் குமிழெல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, நுரை உடனே உட்கார்ந்துவிட்டது. சுத்தமானதில் ஓரத்தில் ஒரு குமிழ் இல்லை, ரெண்டு விரல் நுரை அப்படியே நின்றது. பாத்திரக்கடைக்காரனுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சுத்தமான டம்ளரை நான் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனேன். மேஜைமேல் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அண்ணன் கோபமாகப் போய்விட்டார் என்று கவிதா உன்னிடம் சொல்லியிருப்பாள். அது கோபம் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்.

வீட்டுக்கு வந்து, கவிதா சொன்ன உப்புச் சோதனையைத் தமிழ்மொழிக்குக் காட்டினேன். டம்ளரின் உள்பக்கத்தை நனைத்து உப்பைத் தூவினால், சுத்தமாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒட்டும், பிசுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டாது. நம் வீட்டு டம்ளர் ஆறில் நாலு பெயில். நீ இல்லாதபோது பாத்திரம் தேய்ப்பவன் நான்தான் என்பதால் ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "நைனா, அன்னிக்கி அம்மா ஊதுனப்போ நீ ஏன் கண்ண மூடிக்கினு இருந்த" என்று கேட்டாள்.

எனக்குக் கை உப்பிலேயே நின்றுவிட்டது. தெரியல பாப்பா, நீ போய்ப் படி என்றேன். அவள் போய்விட்டாள். எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

உண்ணாமலை, உன்னைச் சந்தேகப்பட்டு நான் ஊதச் சொல்லவில்லை. எனக்கு அந்த வாசனை வேண்டியிருந்தது. நீ கதவைத் தாண்டி வந்ததுமே வாயில் எச்சில் ஊறிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கிட்டே என்று இருந்தது. அதைப் புருஷன் கேட்கிற கேள்வி மாதிரி ஆக்கிக் கேட்டுவிட்டேன். நீ ஊதினாய், நான் கண்ணை மூடி இழுத்தேன். நீ குற்றவாளி மாதிரி நின்றாய். புதுச்சேரியில் அந்த டம்ளரைப் பிடித்தபோதும் இதேதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கயிறு கட்டினால் ஆசை போய்விடும் என்று நினைத்திருந்தேன். கை மட்டும்தான் நின்றிருக்கிறது.

அதனால் திங்கட்கிழமை வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதே. உன்மேல் தப்பு இருக்கிறது என்று ஊரே சொல்லும், நீயும் அப்படியே நம்பிவிடுவாய். பிறகு எனக்கும் அதுவே வசதியாகிவிடும். நீ வேலையை விட்டால் நான் சரியாகிவிடுவேனா என்றால், அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக உன் மூக்கையும் நாக்கையும் நம்பி இருக்கிற வேலையை ஏன் விடவேண்டும். துரைக்கண்ணு என்ன சொன்னாலும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னை வா என்று கூப்பிடத்தான் இந்தத் தாளைக் கிழித்தேன். எழுதி எழுதி வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை நீ வராதே. குளித்து மாற்றிக்கொண்டுகூட வராதே. மூடிய வீட்டுக்குள் உன் பக்கத்தில் இருக்க எனக்குக் கொஞ்ச நாள் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்மொழியைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். பகலில், கடற்கரையில், காற்று நன்றாக அடிக்கிற இடமாகப் பார்த்து உட்காருவோம். கூடவே ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாராமே, நீ ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னபோது நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். அவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு வை. நான் தனியாகப் போகமாட்டேன், நீயும் கூட வரணும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் மூக்கு, உன் நாக்கு, நீ போடுகிற கையெழுத்து எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். அம்மன் உனக்குத் துணை இருப்பாள்.

இந்த நிமிஷம் வரைக்கும் நான் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொல்கிறார்கள். அதுவரைக்கும் எப்படியோ இருந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்வேன். எடுத்துவிடு உண்ணாமலை.

இப்படிக்கு,
உன்
கனகராஜ்